தோணியைக் கட்டமாட்டேன் என்றவள்

பாண் விற்கிற ஓட்டோ தெருவோரக் கானுக்குள் சரிந்த பிறகும் அதன் விற்பனைப் பாட்டு நிற்கவில்லை. பணிஸ்கள் சேற்றில் மிதந்தன. முழங்கால் உரசி இரத்தம் வழிய ஓட்டோக்காரன் இஷாம் தட்டுத்தடுமாறி எழுந்தான். கொஞ்சம் தள்ளி, அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, தோணி வாலை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நாவற்குடாவின் அந்த ஒழுங்கையில் அந்த நேரத்தில் அதைவிடப் பெருமைப்பட்ட உயிர் வேறொன்றும் இல்லை.

தோணி, கேதீஸ்வரியின் நாய். கல்லடிக் கடற்கரையில் கவிழ்த்து வைத்த தோணியொன்றின் கீழே குட்டியாகக் கிடந்து கத்தியதை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அதனால்தான் அந்தப் பெயர். அவளும் அந்த ஒழுங்கைக்குத் தனியாக வந்து சேர்ந்தவள்தான். செங்கலடியில், கை நீட்டுகிற புருஷனை விட்டுவிட்டு, ஒரு உடுப்புப் பையோடும் தையல் மெசினோடும் வந்து இறங்கினாள். "கோவம் தணிஞ்சா திரும்பிப் போயிருவாள்" என்று அக்கம்பக்கம் சொன்னது. அவள் போகவில்லை. சட்டை தைத்தாள், வளவில் கத்தரி நட்டாள், நாய் வளர்த்தாள்.

அன்று பின்னேரமே கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி ஒரு சின்ன லொறியோடும் இரண்டு ஆட்களோடும் அவளுடைய வேலிவாசல் கடப்படிக்கு வந்துவிட்டார். ஆட்களின் கையில் சாக்கும் கயிறும் இருந்தன.

"நாயத் தா புள்ள. பதுளை ரோட்டால கொண்டு போய்க் காட்டுப் பக்கம் விட்டிட்டு வாறம். இது விசர் நாய்."

"விசர் நாய் இல்ல. ஊசி போட்டிரிக்கி. உங்கட வீட்டுப் பூனைக்குப் போட்டிருக்கீங்களோ?"

வினாயகமூர்த்தி ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டினார். "புள்ளைகள் போய்வாற ஒழுங்கை இது. சங்கம் முடிவெடுத்தாச்சி."

கேதீஸ்வரி கடப்பின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்தாள். "புருசன் சொல்லியே கேக்காதவள் நான். சங்கம் சொல்லியா கேக்கப் போறன்?"

சாக்குப் பிடித்திருந்தவன் சிரித்துவிட்டான். வினாயகமூர்த்தியின் முகம் கறுத்தது. "இன்னொருக்கா ஆரையும் விழுத்திச்செண்டா உன்னக் கேக்க மாட்டம்."

"விழுத்தாது. அத நான் பாத்துக்கிறன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் தோணியைக் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியர் ஆர்த்திகாவிடம் போனாள். வழியெல்லாம் அது மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக் குரைத்தபடியே வந்தது. வைத்தியர் அதன் கழுத்தில் கயிறு உரசிய தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"இவன எங்க கட்டி வைக்கிறீங்க?"

"கடப்படியில. நாள் முழுக்கக் கட்டித்தான் வைக்கணும் எண்டு சங்கம் சொல்லிச்சி."

"அங்கதான் பிழை. பாண் ஓட்டோ வருது. இவன் குரைக்கிறான். ஓட்டோ போகுது. அது எப்பிடியும் போகத்தான் போகுது. ஆனா இவன், நான்தான் துரத்தினன் எண்டு நினைக்கிறான். ஒவ்வொரு நாளும் வெற்றிதானே, பிறகு எப்பிடி விடுவான்?"

"அடிச்சாத் திருந்தும் எண்டு எல்லாரும் சொல்றாங்க டொக்டர்."

"அடிச்சாச் சத்தம் நிக்கும். பயம் நிக்காது. பிறகு குரைக்காமலே கடிப்பான்."

கேதீஸ்வரி தலையாட்டினாள். அடி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அவளுக்கு ஒரு வைத்தியர் விளக்கத் தேவையில்லை.

தோணியின் இடம் பின்வளவு வேப்பமர நிழலுக்கு மாறியது. ஒழுங்கை தெரியாதபடி முன்வேலி முழுவதும் தகரம் அடித்தாள். விடியவும் பின்னேரமும் கயிற்றில் பிடித்து வாவிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனாள். பிறகு இஷாமைத் தேடிக் காத்தான்குடிக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, ஓட்டோவின் கிழிந்த திரையைத் தைத்துக் கொடுத்தாள். முறைப்பாடு கொடுக்கச் சொல்லிச் சங்கத்து ஆட்கள் அவனிடமும் வந்திருந்தார்கள்.

"நான் குடுக்கல்ல அக்கா" என்றான் இஷாம். "எனக்கு நாயெண்டாப் பயம். அது பட்டா எங்கட மார்க்கத்தில கழுவியும் எடுக்கணும். அதுக்காக வாயில்லாச் சீவனக் காட்டில தள்ளச் சொல்லுவனா? அதுவும் பாவந்தானே."

அவனுடைய ஓட்டோப் பாட்டைத் தொலைபேசியில் பதிந்துகொண்டு வந்தாள். வைத்தியர் சொன்னபடி, காதுக்கு எட்டியும் எட்டாமலும் அதை ஒலிக்கவிட்டு, ஒலிக்கிற வரைக்கும் கருவாட்டுத் துண்டுகளைத் தோணிக்குக் கொடுத்தாள். பாட்டு நின்றால் கருவாடும் நின்றது. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் புஸ்பம் எட்டிப் பார்த்தாள். "நாய்க்குப் பாட்டுப் போட்டுச் சாப்பாடு தீத்துறவள இண்டைக்குத்தான்கா காணுறன்" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அதைக் கேட்ட கேதீஸ்வரி அன்று முதல் பின்வளவை விட்டுவிட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று கடப்பைத் திறந்துவைத்து முன்வாசலிலேயே உட்கார்ந்து தீத்தினாள்.

அந்த வீம்பே ஒரு நாள் அவளுடைய காலை வாரிவிட்டது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்று பாட்டை ஒரேயடியாகக் கூட்டிவைத்தாள். தோணி வெருண்டு பாய்ந்ததில் தண்ணீர்க் குடம் உடைந்தது, தைக்க வந்திருந்த கலியாணச் சட்டைத் துணி இரண்டாகக் கிழிந்தது. அன்றைக்குக் கோபத்தில் விளக்குமாற்றை எடுத்து ஓங்கியும்விட்டாள். தோணி வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டது. அந்தக் கிடை அவளுக்குச் செங்கலடியிலிருந்தே தெரியும். விளக்குமாற்றை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, துணிக்காரியிடம் நேரே போய் நடந்ததைச் சொல்லி, வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் பாட்டை மறுபடியும் அடிமட்டத்திலிருந்து தொடங்கினாள்.

கச்சான் காற்றுக்காலம் முடிவதற்குள் இஷாமும் சேர்ந்துகொண்டான். முதலில் சந்தியில் நிறுத்தி மெல்லிய பாட்டு. பிறகு ஒரு வீடு தள்ளி. பிறகு கடப்புக்கு நேரே, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு பணிஸ் துண்டைத் தூர நின்றே எறிவான். ஒரு காலையில் ஓட்டோ முழுப் பாட்டோடு கடப்பைத் தாண்டிப் போனது. தோணி எழுந்தது. தொண்டைக்குள் ஏதோ உறுமியது. பிறகு திரும்பிக் கேதீஸ்வரியின் கையைப் பார்த்தது. அவ்வளவுதான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த கடப்பில் புஸ்பம் பாண் வாங்கியபடி தோணியையே பார்த்தாள்.

வினாயகமூர்த்தி மறுபடியும் வந்தார், இந்த முறை தனியாக. "சரி, நாய் இருக்கட்டும். ஆனா சங்கத்துக்கு வந்து ஒரு மன்னிப்புக் கேட்டுப் போட்டு, இனிமேல் எப்பவும் கட்டியே வை."

"மன்னிப்ப இஷாம் தம்பிக்கிட்டக் கேட்டாச்சி. விழுந்தது அவன், நீங்க இல்லயே. கட்டவும் மாட்டன். கட்டி வெச்சதாலதான் இவ்வளவும் வந்திச்சி."

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதில்லை.

வாவிக்கரைக்குப் போகப் பின்பக்கமாக ஒரு குறுக்கு வழி உண்டு. கேதீஸ்வரி அதால் போவதில்லை. ஒவ்வொரு பின்னேரமும், வினாயகமூர்த்தி கதிரை போட்டிருக்கும் நேரம் பார்த்து, அவருடைய வீட்டு வாசலாலேயே தோணியை நடத்திக்கொண்டு போகிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோணி அவருடைய மதில் மூலையில் நின்று, ஆற அமரக் காலைத் தூக்கும். அந்த ஒரு பழக்கத்தைத் திருத்த அவள் இன்றுவரைக்கும் மெனக்கெடவில்லை.