ஊருணியில் நின்றுபோன படகு

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். பெயர் வேண்டாம், என் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மலேயாவில் மாமா கடையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, ஐப்பசி மழை ஓய்ந்த சமயத்தில் கப்பலில் ஊர் வந்து சேர்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் டிரான்சிஸ்டரும் சென்ட் பாட்டிலும் வாங்கி வருவார்கள். நான் ஒரு விளையாட்டுப் படகு வாங்கி வந்தேன்.

சாதாரணப் படகு இல்லை. முழ நீளம், சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். அதோடு கையில் பிடிக்க ஒரு பெட்டி, பெட்டியில் நீளமாக ஒரு ஏரியல் கம்பி. பெட்டியின் குமிழைத் திருப்பினால் தூரத்தில் தண்ணீரில் போகும் படகு அந்தப் பக்கம் திரும்பும். நடுவில் ஒயர் கிடையாது. ரேடியோ அலையில் ஓடுகிறது என்று நான் சொன்னதை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்ப வைத்தே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஊருணிக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஊருணி குடிதண்ணீர் ஊருணி. யாரும் அதில் குளிக்கக் கூடாது, கால் நனைக்கக் கூடாது. கடைசிப் படியில் குனிந்து குடத்தில் மொண்டுகொள்வதோடு சரி. ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு அந்தப் படியும் கிடையாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மொண்டு ஊற்றுகிற வரைக்கும் கரையில் நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்ததால் எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

படகு ஜோராக ஓடியது. இரண்டு சுற்று வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது சுற்றில் நட்டநடுவுக்கு விட்டேன். அங்கே அல்லிக்கொடி படர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. படகின் அடியில் சுழலும் விசிறியில் கொடி சுற்றிக்கொண்டது. மோட்டார் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றுபோனது. குமிழை எந்தப் பக்கம் திருப்பியும் படகு அசையவில்லை.

"மலேயாக் கப்பல் மலையேறிருச்சுடோய்!" என்று ஒருவர் கத்தினார். கரை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போதுதான் கிணற்று வேலை செய்யும் ஒருவருக்கு ஆள் அனுப்பினேன். கிணற்றில் வாளி விழுந்தால் எடுத்துத் தருவதும், கோடையில் தூர் வாருவதும் அவர் தொழில். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்தான். தோளில் கயிறும், வாளியை மாட்டி இழுக்கும் கொக்கிகள் வைத்த பாதாளக் கரண்டியுமாக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இப்போது 'வந்தார்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு அவரை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை, 'வாடா போடா'தான்.

படிக்கு வராமல் கரையிலேயே நின்று கரண்டியை வீசிப் பார்த்தார். பாதித் தூரம்கூடப் போகவில்லை.

"எட்டாது சின்னய்யா. வாடக்காத்து அடிச்சா கொடி அறுந்து அதுவா இங்குட்டு ஒதுங்கும். பொழுது சாயட்டும்" என்றார்.

பொழுது சாய்கிற வரை அந்தச் சிரிப்பை யார் தாங்குவது? இறங்கி எடுக்கச் சொன்னேன்.

"ஆத்தாடி! நான் எறங்கக் கூடாதுய்யா."

"நான் சொல்றேன்ல, எறங்கு. எவனும் கேட்டா நான் பாத்துக்கிறேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் வேடிக்கை வேண்டியிருந்தது. துண்டைக் கரையில் வைத்துவிட்டுச் சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கினார். ஒரு கையால் நீந்தி, மறு கையில் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் படகை என் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

மத்தியானத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. ஊருணியில் தீட்டுப் பட்டுவிட்டது, இனி அந்தத் தண்ணீரை எப்படிக் குடிப்பது என்று வீட்டுக்கு வீடு பேச்சு. சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. அவரை வரவழைத்து நிறுத்தினார்கள்.

"யாரைக் கேட்டுடா எறங்குனே?"

"சின்னய்யாதான் எறங்கச் சொன்னாக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், அவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். பையன் என்ன சொல்லப்போகிறானோ என்று அவரும் என்னைப் பார்த்தார். ஆனால் அவர் கண் ஜாடைகூடக் காட்டவில்லை. அதனால் இந்தப் பொய்க்கு வேறு யாரையும் நான் பொறுப்பாக்க முடியாது.

"கரண்டியப் போட்டு எடுக்கத்தான் சொன்னேன். எறங்கச் சொல்லலையே" என்றேன்.

நான் இறங்கச் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் இருபது பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவர் என்னை விட்டுப் பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

"சித்திரையில தூர் வாரயில நாங்கதானய்யா ஊருணிக்குள்ள நின்னோம்? அப்ப ஆகுன காலு, தண்ணி வந்தா ஆகாதா?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயில் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழச் சொன்னார்கள். இனி எந்த வீட்டிலும் கிணற்று வேலைக்கு அவரைக் கூப்பிடக் கூடாது என்றும் முடிவாயிற்று. முந்தின இரவு பெய்த மழையில் சொதசொதவென்றிருந்த மண்ணில் அவர் விழுந்தார். எழுந்தபோது நெஞ்சு முழுக்கச் சேறு. அவர் துடைக்கவில்லை. அப்படியே நடந்து போனார்.

நான்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோயிலுக்கு ஒரு அபிஷேகம் பண்ணு என்று என்னிடம் சொல்லியிருப்பார்கள். நாலு நாள் கேலி பேசியிருப்பார்கள். அவ்வளவுதான். அதற்குக்கூட எனக்குத் துப்பில்லை. ஊருணிக்கு ஏதோ பரிகாரம் செய்தார்கள், எல்லோரும் பழையபடி தண்ணீர் மொண்டார்கள். வேலை இல்லாமல் ஒரு மாதம் பார்த்துவிட்டு அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். புதுக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த சித்திரையில் தூர் வார ஆள் போதவில்லை என்று அவரைத் தேடியதும் இதே ஊர்தான்.

நாலைந்து வருடம் கழித்துக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அவரே கிட்டே வந்துவிட்டார்.

"நல்லா இருக்கீகளா சின்னய்யா? அந்தப் படகு இப்பவும் ஓடுதா?"

குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு படகை நான் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். மனதில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாய்க்கு வரவில்லை. அவர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கும் யாராவது 'நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது, ஏனென்றால் அவரிடம் சொன்னபடியே நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் சேற்றில் விழுந்து எழுகிற வரைக்கும்.