கார் ஓடும் சத்தம்

தூணைக் கட்டிப்பிடித்திருந்த பையனின் விரல்களை அவன் அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டிக்கொண்டது.

"கார்ல ஏற மாட்டேன். என்னை எங்கயாவது விட்டுட்டுப் போயிடுவீங்க."

"டேய், நான் உன் அப்பாடா."

"படத்துல அவரும் அப்பாதான்."

காலைக் காட்சி பாதியிலேயே தியேட்டர் வாசலில் கூட்டம். டிக்கெட் கவுண்டருக்குள் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். பக்கத்துத் தெருத் தையல்காரி தன் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே கவுண்டர் கம்பிக்கு வந்தாள்.

"ஏன்க்கா, நீங்க படம் பார்த்தீங்களா, இல்ல குறட்டை விட்டீங்களா? உங்களை நம்பித்தானே கூட்டிட்டு வந்தேன்."

"என்னம்மா ஆச்சு? லீவுக்குப் போன இடத்துல நாய் தொலைஞ்சு வீடு தேடி வர்ற கதைதானே?"

"எங்க தொலைஞ்சுது? பிள்ளைங்க பின்சீட்டுல தூங்குதுங்க. அந்த அப்பன் காரை நிறுத்தி, பந்தைத் தூர வீசிட்டு, நாய் எடுக்க ஓடினதும் வண்டியைக் கிளப்பிட்டுப் போறான். அது பந்தைக் கவ்விக்கிட்டு முனகிக்கிட்டே பின்னால ஓடி வருது. அப்போலேர்ந்து இவ வாயே திறக்கல."

"அப்படி ஒரு காட்சியே இல்லையே."

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ஹால்ல இருந்த அத்தனை பேரும் கனவு கண்டோமாக்கும்."

குழந்தைகள் படம் எது வந்தாலும் அதற்கு முந்தின நாள் மாலையே காலி ஹாலில் அவள் தனியாகப் பார்ப்பாள். யாரும் கொடுத்த வேலை இல்லை. சின்ன வயதில் ஒரு படத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டபோது, அதன் சத்தம் அவளைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. பயம் காது வழியாகத்தான் உள்ளே போகிறது என்பது அப்போது எடுத்த முடிவு. அதனால் முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அலறலோ முனகலோ வந்தால் மட்டும் திறந்து பார்ப்பாள். பிறகு கவுண்டரில் கேட்கிற அம்மாக்களிடம் "கூட்டிட்டு வாங்க" என்பாள், அல்லது "இது வேண்டாம்." பிள்ளை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போதெல்லாம் அவளைக் கேட்காமல் டிக்கெட் எடுப்பதில்லை. அவளிடம் சொத்து என்று இருந்தது அந்தப் பேச்சுக்கு இருந்த மதிப்புதான்.

படம் ஓட்டுகிறவன் அவள் புருஷன். "காதாலயே படம் பார்க்கிற பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கு" என்று வீட்டில் சிரிப்பான். வெளியே சொன்னதில்லை.

நேற்று அவள் கேட்டது கார் ஓடும் சத்தம். வெகுநேரம் அதுவே. பிறகு பிள்ளைகள் "நாயைக் காணோம்ப்பா" என்று அழுதார்கள். "அதுவா குதிச்சு ஓடிடுச்சு" என்றது அப்பாவின் குரல். அவள் நம்பினாள். கடைசியில் அவர் தேம்பி அழுதபோது, பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

கவுண்டரைப் பூட்டிவிட்டு, படம் ஓட்டும் அறைக்கு மாடிப்படி ஏறினாள்.

"நேத்து எனக்கு அந்தக் காட்சியைக் காட்டாம, கார் சத்தத்துல விட்டு, கார் சத்தத்துலயே பிடிச்சீங்களா?"

அவன் திரும்பவில்லை. மெஷின்மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"என்னங்க, உங்களைத்தான்."

"மேனேஜர் நச்சரிச்சாரு. லீவு ஷோ, ஹால் நிரம்பணும், உன் வீட்டுக்காரி வேண்டாம்னுட்டா ஈ ஓட்ட வேண்டியதுதான்னாரு. சாவு இல்ல, ரத்தம் இல்ல, நாய் வீடு வந்து சேர்ந்துடுது. சின்னத் துண்டு. தாண்டி விட்டேன்."

"காலைல பிள்ளைங்களுக்கு ஏன் தாண்டல?"

"டிக்கெட் வாங்கினவங்களுக்கு முழுசா காட்டணும்ல" என்றான். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் மறுபடியும் மெஷினைத் துடைத்தான்.

"நான் கண்ணை மூடியிருப்பேன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"இதைப் பெருசாக்காதே. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாதிக்குமேல் காலியான ஹால். திரையில் நாய் பனியில் நடந்துகொண்டிருந்தது. வாயில் பந்து அப்படியே இருந்தது. நேற்றும் இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் பஸ்ஸில் போனாள். வழக்கமான நேரத்துக்குக் கவுண்டரைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "இதைக் குழந்தைங்க பார்க்கலாமாங்க?" என்று கேட்டாள்.

"அப்பா நாயை வேணும்னே விட்டுட்டுப் போறாரு."

"ஐயையோ. கடைசியில சேர்ந்துடுவாங்கல்ல?"

"நாய் திரும்பி வருது."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு டிக்கெட் எடுத்தாள். தையல்காரி தன் மகளோடு எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. படம் சரியான நேரத்துக்கு ஆரம்பித்தது. மதியம் அவன் மாடியில் சாப்பிட்டான், அவள் கவுண்டரில் சாப்பிட்டாள். மாலைக் காட்சிக்குக் கூட்டம் சுமார். வீடு திரும்ப அவள் ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.