சகலை வைத்த பேர்

கண்ணாடிக்கடையில் இருபத்தாறு வருஷமாக ஜன்னல்களுக்கு அளவு எடுத்தவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏணியில் நின்று டேப்பை நீட்டினால், "ஒரு மீட்டர், இருபது சென்டிமீட்டர், மூணு மில்லிமீட்டர்" என்று ஒவ்வோர் எழுத்தையும் மென்று சொல்வார். கீழே நோட்டோடு நிற்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எழுதலாம். அது கடையின் சட்டம். மனிதர் பத்தாவது தேறாதவர். ஆனால் அந்த நீளப் பேர்களை நாக்குப் பிசகாமல் சொல்லும்போது பெரிய படிப்புப் படித்தவர் மாதிரி நிமிர்ந்துவிடுவார்.

அவர் மாமனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் இவருக்கு வாய்த்தாள். நடுவிலவள் வாக்கப்பட்ட இடம் தூரம். நல்லது கெட்டதுக்கு வருவதோடு சரி. கடைக்குட்டிக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் இவர் ஒருவர்தான். குழாய் ஒழுகினாலும் இவரைத்தான் கேட்பார்கள். கடைக்குட்டியைக் கட்டிய சகலைக்கு வேலை போனபோது, முதலாளியிடம் சொல்லிக் கடையில் சேர்த்துவிட்டவரும் இவரேதான்.

சேர்ந்த மூன்றாம் மாதம் சகலை அளவுகளுக்குப் புதுப்பேர் வைத்தான். மீட்டர், கோல் ஆயிற்று. சென்டிமீட்டர், நகம்; சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதானே. மில்லிமீட்டர், பொடி.

"கோல் ஒண்ணு, நகம் இருபது, பொடி மூணு! எப்படி இருக்கு அண்ணே? நீங்க மில்லிமீட்டரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கால் மரத்துப்போகுது."

"அது உலகம் பூரா சொல்ற பேருப்பா. விவரம் தெரிஞ்சவங்க வச்சது."

"உலகமா வந்து நம்ம ஏணியில ஏறப்போகுது?"

கடையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே வாரத்தில் வெட்டுமேசைக்காரரிலிருந்து வண்டி ஓட்டுகிறவர்வரை எல்லார் வாயிலும் நகமும் பொடியும்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி சொல்கிறாள்:

"ஏங்க, இந்தத் திரையை ரெண்டு நகம் தூக்கித் தைக்கணும்."

"யாரு சொல்லிக்கொடுத்தா உனக்கு?"

"தங்கச்சிதான். வாய்க்கு லேசா இருக்குல்ல?"

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு விடுதிக்கு எண்பது ஜன்னல் வேலை வந்தது. பழைய கட்டடம், ஒரு ஜன்னல் மாதிரி இன்னொன்று இருக்காது. போடவேண்டியதோ சூளையில் சுட்டு இறுக்கிய கண்ணாடி. தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டிச் சுட்டுவிடுவார்கள். பிறகு மயிரிழை சீவினாலும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

"ஆளுக்கு நாப்பது. யாரு சரியா, சீக்கிரமா முடிக்கிறாங்களோ, இனிமே அளவு வேலைக்கு அவங்கதான் தலைவர்" என்றார் முதலாளி.

கண்ணாடிக்காரருக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. சகலை ஒரு பகலில் முடித்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தான். எண்பதுக்குமான பட்டியலையும் அவனையே எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினான், எல்லாம் நகமும் பொடியுமாக. அடியில் கையெழுத்தும் அவனுடையது.

அனுப்பும் பொறுப்பு மட்டும் கண்ணாடிக்காரருக்கு. வெளியூர்த் தொழிற்சாலைக்காரனுக்கு நகத்தைக் கண்டால் என்ன தெரியும்? நியாயமான காரணம்தான். ஆனால் அவர் உட்கார்ந்து எண்பதையும் முழுப்பேரோடு திரும்ப எழுதியதற்குக் காரணம் அது மட்டுமில்லை. அகலத்துக்கும் உயரத்துக்குமாக மில்லிமீட்டர், மில்லிமீட்டர் என்று நூற்று அறுபது தடவை எழுதினார். மணிக்கட்டு கழன்றுபோயிற்று. கீழே சகலையின் பேரையும் எழுதி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பிரதியைப் பார்த்தால் பட்டியல் எழுபத்தொன்பதோடு நிற்கிறது. நாற்பத்துநாலாம் ஜன்னலை விட்டிருந்தார். அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஜன்னலின் அளவு விழுந்திருந்தது.

கண்ணாடி தப்பாக வந்தால் சகலையின் தலைதான் உருளும். பேர் அவன் பேர். அவன் எழுதிய தாளைக் கிழித்துப்போட்டால் இவரை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நிமிஷமும் அவருக்கு இனித்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

பிறகு போனை எடுத்துத் தொழிற்சாலையைக் கூப்பிட்டார். ஒரு பெண் பேசினாள்.

"நாப்பத்திநாலாவது ஜன்னல்மா. அகலம் ஒரு மீட்டர், இருபது சென்டி..."

"ஐயா, இங்க எல்லாமே மில்லிக் கணக்குதான். பேரெல்லாம் வேண்டாம், வெறும் நம்பரைச் சொல்லுங்க. வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

"ஆயிரத்து இருநூத்தி மூணு" என்றார். முப்பத்தேழு ஜன்னலும் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

முதலாளியிடம் போய் அவரே சொன்னார். முதலாளி முகம் சுருங்கியது. "இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவரு செய்யிற காரியமாய்யா இது?"

சகலை குறுக்கே விழுந்தான். "விடுங்க முதலாளி. என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எழுதினா யாருக்கும் வரி தப்பும். அண்ணன் கண்ணுல பட்டதால தப்பிச்சோம்."

முதலாளி அந்த இடத்திலேயே சகலையை அளவுக்குத் தலைவராக்கினார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள். "தங்கச்சி எல்லாம் சொன்னா. உங்களை எப்படித் தாங்கிப் பேசியிருக்காரு! தங்கமான மனுஷன்."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"தொழிற்சாலையில பேரே கிடையாதாம், தெரியுமா?" என்றார். "என் மீட்டரும் இல்லை, அவன் நகமும் இல்லை. வெறும் நம்பர்தான்."

"அப்படியா!" மனைவி போனைத் தேடினாள். "இருங்க, தங்கச்சிகிட்ட சொல்லிடறேன். இப்ப தலைவராயிட்டாருல்ல, சின்ன மாப்பிள்ளைக்கு உபயோகப்படும்."