பக்கத்து வீட்டுக்காரிக்கு வைத்த ஆப்பு

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் டேட்டா மாதத்தின் பாதியிலேயே தீர்ந்துபோனது. மேலதிக டேட்டா போட்டுவிட்டு, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு போன்தான் அதிகம் இழுத்திருந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பம்தான் என்று முடிவு கட்டினேன். சிநேகமாக இருந்த காலத்தில் வைஃபை பாஸ்வேர்டை வாங்கியவள், பிறகு எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேவலமாகப் பேசியவள்.

துண்டித்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும். தினமும் தவிக்கட்டும் என்று அந்தப் போனின் வேகத்தை மட்டும் அடிமட்டத்துக்குக் குறைத்தேன். அவள் வாசலில் நின்று போனை உதறும்போதெல்லாம் எனக்கு மனம் குளிர்ந்தது.

நான்காம் நாள் என் மகள் அழுதுகொண்டு வந்தாள்.

"பரீட்சை விடைய அனுப்பவே முடியலம்மா. நேரம் முடிஞ்சிருச்சு."

"ஒன் போன்ல நல்லாத்தானே வருது?"

"அது ஒடஞ்சு ரெண்டு வாரமாச்சு. நீங்க ஏசுவீங்கன்னு சொல்லல. இது மாமா குடுத்த பழைய போன்."

வாங்கிப் பார்த்தேன். நான் வேகத்தைக் குறைத்த அதே போன். புஷ்பம் வாசலில் போனை உதறியதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை.

ஆசிரியையிடம் கெஞ்சி மறுநாள் அனுப்பினோம். இப்போது ரவுட்டரில் ஒவ்வொரு போனுக்கும் பெயர் எழுதி, தனித்தனி அளவு வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று தெரிந்தால் முதலில் வீட்டில் விசாரிக்கிறேன். புஷ்பத்தின் மேல் கோபம் தீரவில்லை. அதை அவள் முகத்துக்கு நேரே காட்டிவிடுகிறேன்.