இடது பக்க இருக்கை

எண்பத்து மூன்றாம் ஆண்டு என்றுதான் முதலில் குறித்து வைத்திருந்தேன். பழைய மதிப்பெண் அட்டையைத் தேடி எடுத்த பிறகு எண்பத்து நான்கு என்று திருத்தவேண்டியதாயிற்று. நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி. மலேசியாவில், ஈப்போ நகரில் இருந்தோம். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவரின் பிள்ளைகள் அம்மாவும் மாமாவும். தம்பியான மாமா விமானி ஆகியிருந்தார். ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் வந்து என்னைச் சைக்கிளில் ஏற்றிச் சுற்றுவார்.

அந்த ஆண்டு அவர் வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, தேர்வும் எழுதிவிட்டு வந்தார். வேலை கடுமை என்று அவரே சொன்னார். இரவு பகல் கிடையாது, ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊர், ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை, ஒன்றில் தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைக் கேட்ட அம்மா யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து முருகன் படத்தில் கட்டினார். தம்பிக்கு அந்த வேலை கிடைக்கக்கூடாது என்பது வேண்டுதல். பக்கத்தில் நின்ற நானும் கைகூப்பினேன். அம்மா முடிந்து வைத்தது எதுவும் பலிக்காமல் போனதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அம்மாவுக்கே அது சற்று அதிகம்.

முடிவு வரவேண்டிய வாரத்தில் மாமா சாப்பிட வந்தார். தோட்டத்து மேலாளரைத் துரை என்பார்கள். அவருக்குக் கீழே எழுத்தராக இருப்பவர் கிராணி. அதை வைத்து அப்பா சீண்டினார்.

"என்னா மச்சான், கிராணி நாற்காலி பத்தலையா? தொரை நாற்காலிதான் வேணுமா?"

மாமா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி அம்மாவிடம் பேசினார்.

"ஒம்பது வருசமா வலது பக்க சீட்டுலதான் உக்காந்திருக்கேன்க்கா. கேப்டன் சீட்டு இடது பக்கம். எனக்கு முன்னுக்கு அத்தன பேரு வரிசையில இருக்காங்க. ஒருத்தர் பென்சன் போனாத்தான் அடுத்தவரு நகரலாம். அங்க ஆள் பத்தல, ரெண்டு வருசத்துல குடுத்துருவாங்க."

உடம்பு தாங்குமா என்று கேட்டார் அம்மா.

"அது தாங்கும்லா. இந்தக் காத்திருப்புதான் தாங்கல."

மாமா கை கழுவப் போனதும் அம்மா சாமி படத்துக்கு ஓடினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"தெரியாம கேட்டுட்டேன். கேட்டதக் குடுத்துராத, சாமி."

அடுத்த நான்கு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமி முந்திக்கொண்டிருப்பாரோ என்ற பயம். ஐந்தாம் நாள் தந்தி வந்தது. வேலை கிடைத்துவிட்டதென்று மாமா அடித்திருந்தார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து நீளமாய் மூச்சு விட்டார். தந்தி கொண்டுவந்த மலாய்க்காரரைத் தேநீர் குடிக்காமல் போகவிடவில்லை.

நான் தேம்பி அழுதேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்; துடைக்கும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார். தம்பி மேல் அம்மாவுக்கு இருந்த பாசம் இவ்வளவுதானா என்று அன்று எனக்குக் கோபமாக வந்தது.