பிரின்ஸின் இருமல்

அவளுடைய அப்பா ஒலிப்பதிவுக் கூடத்தில் மணியும் சலங்கையும் வாசித்தவர். வாத்தியக்காரர்கள் வரிசையில் கடைசி நாற்காலி. பாட்டில் நாய் வேண்டுமென்றால் மட்டும் முன்னால் கூப்பிடுவார்கள். அவர் இடது கையை வாயோரம் குவித்து, மைக்குக்குத் தோளைக் காட்டி நின்று, பாட்டின் சுருதியிலேயே குரைப்பார்.

பாட்டு உலகத்தில் நாய்க்கு எப்போதும் கிராக்கிதான். காதலி பின்னால் நாயாய் அலைவதாக ஒருவன் பாடுவான். ஏமாற்றியவளுக்கு நாயே மேல் என்று இன்னொருவன் அழுவான். கடைசிச் சரணத்தில் நன்றிக்கு உதாரணமாக அதே நாயை இழுத்து வருவார்கள். ஒரு பாட்டிலும் அதற்கு ஒரு வாய் சாப்பாடு வைத்ததில்லை. அப்பா இருபத்தாறு பாட்டுகளில் குரைத்தார். ஒரு இசைத்தட்டு உறையிலும் அவர் பெயர் இல்லை.

"வீட்ல எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. அங்க போய்க் குரைச்சுட்டு வர்றாரு" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர் குளியலறையில் பழகுவார், தெருநாய்கள் பதில் கொடுக்கும். அனுமதியில்லாமல் பெரிய நாய் வளர்ப்பதாகக் குடியிருப்புச் சங்கம் ஒருமுறை நோட்டீஸ் அனுப்பியது. அப்பா அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். அவருடைய கலைக்கு எழுத்தில் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது.

இருபத்தாறில் ஒன்று பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. இசையமைப்பாளர் பேட்டியில், தன் வளர்ப்பு நாய் பிரின்ஸ் கூடத்துக்குள் தானாக வந்து தாளத்தோடு குரைத்ததாக அளந்துவிட்டார். அடுத்த பதிப்பின் உறையில் பிரின்ஸ் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. உண்மையில் அப்பா குரைத்தால் பிரின்ஸ் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். விளையாட்டாகச் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார் இசையமைப்பாளர். அப்பா வைத்துக்கொள்ளவில்லை. மகள் வைத்துக்கொண்டாள்.

அப்பா இந்த வருடம் நுரையீரல் கெட்டு இறந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு வேலை வந்தது. அந்தப் பாட்டைப் புதிதாக வெளியிடுகிறார்கள், பழைய நாடாவைச் சுத்தம் செய்து தர வேண்டும். அவள் ஒலிப் பொறியாளர். வேலையைக் கொடுத்த இசையமைப்பாளரின் மகனுக்கு அவள் யார் என்று தெரியாது. அம்மாவிடம் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "இப்பவாவது பேரு போடுவாங்களா?"

அவள் அந்த மகனை நேரில் பார்க்கப் போனாள். கூடத்து வாசலில் பிரின்ஸுக்குப் பளிங்கில் சிலை. ஏறும்போதும் இறங்கும்போதும் பாடகர்கள் அதன் தலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"சார், அது எங்கப்பா குரைச்சது. நாலு குரைப்பும் சுருதி பிசகாம தாளத்துல விழுது. நான் அளந்து பார்த்தேன். எந்த நாய் சார் அப்படிக் குரைக்கும்?"

"அதான் மேடம் எங்கப்பா பெருமை. நாய்க்கே தாளம் கத்துக்குடுத்தவரு."

பிறகு அவர் குரலைத் தணித்து, உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு, ஆனால் ரசிகர்களின் நம்பிக்கையில் கை வைக்க முடியாது என்றார். பெயர் போட முடியாது. சுத்தம் செய்த முதல் பிரதியைக் கேட்டுவிட்டு மறுநாள் குறிப்பு ஒன்று அனுப்பினார். மூன்றாவது குரைப்புக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள், நீக்கவும். நாய் இருமாது.

அவள் மற்ற ஒலித்தடங்களை அடைத்துவிட்டு அப்பாவுடையதை மட்டும் கேட்டாள். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. மூச்சு இழுக்கும் சத்தம். குரைப்பு. பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு இருமிய ஒரு இருமல். கடைசி பதினோரு மாதம் பக்கத்து அறையிலிருந்து கேட்ட அதே இருமல்தான், வயது மட்டும் குறைவு. அந்நாளில் முரசுச் சத்தத்துக்கு அடியில் அதை மறைத்திருந்தார்கள். நீக்க அரை நிமிடம் போதும். அவள் ஆறு டெசிபெல் ஏற்றினாள்.

காரில் போகும்போது கேட்டுவிட்டு, பிரமாதம் என்றார் மகன்.

பாட்டு வெளியான மூன்றாம் நாள் ரசிகர் ஒருவர் இணையத்தில் எழுதினார்: "மூணாவது குரைப்புக்கு அப்புறம் இருமல் கேக்குதா? பாவம் பிரின்ஸ். உடம்பு சரியில்லாதப்பவும் வந்து பாடிக் குடுத்துட்டுப் போயிருக்கு." ஒன்பதாயிரம் பேர் கண்ணீர் வடித்திருந்தார்கள். பிரின்ஸுக்கு நினைவுநாள் வேண்டும் என்றார் ஒருவர்.

அவள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பெயர் போடவில்லை என்றும் அப்போதுதான் சொன்னாள். அம்மா ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி.

நான்காம் முறை கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றாள். "கேட்டாரா?"