பத்து மணி நேரம் என்றால் எவ்வளவு தூரம்

அப்பாவிடம் கிலோமீட்டர் எல்லாம் செல்லாது. வைத்திக்குப்பத்தில் கடலுக்குப் போகிற எல்லாரையும் போல அவருக்கும் மணிக்கணக்குதான். அதுவும் கரையை விட்டதிலிருந்து திரும்பிக் கரை பிடிக்கிற வரைக்கும் சேர்த்த கணக்கு. பத்து மணி நேரம் என்றால் போக ஐந்து, வர ஐந்து.

பக்கத்து ஊரான சாரத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு பாரிசில் வேலை. அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "அவ்ளோ தூரத்துல பொண்ணக் குடுத்துட்டு நான் என்னாத்த பண்றது?" என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"போன்ல பாத்து சொல்லு. ஏரோபிளேன்ல எத்தினி மணி நேரம்?"

திரையில் தூரம், நேரம் இரண்டும் இருந்தன. எட்டாயிரம் கிலோமீட்டர் என்பதை விழுங்கிவிட்டேன். "பத்து மணி நேரம்பா."

அவர் முகம் தெளிந்தது. "அட, அஞ்சு மணி நேரத்துல போயிடலாமா! எனக்கு ஒடம்பு செரியில்லன்னு காலைல கூப்ட்டா, மதியானம் வந்து நிப்பா."

தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்குப் பார்த்து வாயில் கொழுக்கட்டை. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கல்யாணம் நடந்தது.

அவள் கிளம்பிய நாள், விடிகாலையில் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு வேனில் திரும்பினோம். விமானம் எங்கே போகிறது என்று காட்டும் செயலியைத் திறந்து போனை அப்பாவிடம் கொடுத்தேன். மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளையாக ஓடின. திரையில் சின்ன மஞ்சள் விமானம் நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. அக்கா மேலே தூங்கிக்கொண்டிருப்பாள், நாங்கள் வேனோடு அவள் கனவுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஒரு மயக்கம். வீடு வந்தது தெரியவில்லை. இறங்கினோம், சாப்பிட்டோம், எதுவும் நிஜமாக இல்லை.

அப்பா போனும் கையுமாகவே இருந்தார். ஐந்து மணி நேரம் தாண்டியும் விமானம் ஏதோ பாலைவனத்துக்கு மேல் இருந்தது.

"இன்னாடி, இன்னும் கரை புடிக்கலியே? எதுனா ஆயிடுச்சா?"

அவர் குரல் நடுங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வழிக்கே பத்து மணி நேரம்பா," என்று போட்டு உடைத்தேன். நாலு சாத்து சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டக்கூட இல்லை. விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சிதான் போனாளா," என்றார். போனை என் பக்கம் நீட்டினார். "சார்ஜ் எவ்ளோ இருக்குது பாரு. இன்னும் அஞ்சு மணி நேரம் ஓடணுமே."